கம்பி இணைக்காமல் விளக்கு எரிக்கும் அலையியற்றி: 400 சுற்றில் ஒரு செய்முறை

12 வோல்ட் அடாப்டரில் இயங்கி, அருகே பிடித்த சி.எஃப்.எல். விளக்கைக் கம்பி இணைப்பின்றி எரியவைக்கும் எளிய அலையியற்றி (உயர் அதிர்வெண் மின்னலையை உண்டாக்கும் மின்சுற்று) இது. பிளஸ் டூ இயற்பியல் போதும். ஆனால் டிரான்சிஸ்டரில் தொடங்காதீர்கள்; அதிர்வெண்ணை முடிவு செய்வது துணைச்சுருள்தான்.

40 மி.மீ. பி.வி.சி. குழாயில் 34 கேஜ் எனாமல் கம்பியை 400 சுற்று சுற்றுங்கள்; இதுதான் துணைச்சுருள். சுமார் 10 செ.மீ. உயரம் வரும், கம்பி 50 மீட்டருக்குச் சற்று மேல் தேவை. வேலூர், குடியாத்தம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. போர்வெல் மோட்டார் கம்பி தடிமனாக இருக்கும். மின்விசிறிக்குச் சுற்றும் மெல்லிய கம்பியைக் கேளுங்கள். எண்ணிக்கை பத்து கூடினாலும் குறைந்தாலும் குடிமுழுகாது. ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறினால்தான் தொல்லை. மேல்முனையில் 5 செ.மீ. விட்டத்தில் அலுமினியத் தாள் உருண்டை ஒன்றை இணையுங்கள்.

இப்போது கணக்கு. இந்தச் சுருளின் மின்தூண்டல் எண் ஏறத்தாழ 2 மில்லி ஹென்றி. சுருளும் உருண்டையும் சேர்ந்த மின்தேக்குத்திறன் சுமார் 5 பிக்கோ ஃபாரட். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, 2π-யால் பெருக்கித் தலைகீழாக்கினால் 1.6 மெகாஹெர்ட்ஸ் வரும்.

டிரான்சிஸ்டர் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். பலரும் பரிந்துரைக்கும் டி.ஐ.பி. 31-இன் பெருக்கம் 3 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே ஒன்றாகச் சரிந்துவிடும். என் தேர்வு பி.டி. 139. எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்த்திருந்தால், அதன் மூன்று கால்கள் இடமிருந்து உமிழ்ப்பான் (எமிட்டர்), ஏற்பான் (கலெக்டர்), அடிவாய் (பேஸ்).

முதன்மைச்சுருளுக்கு வீட்டு வயரிங் கம்பி போதும். துணைச்சுருளின் அடிப்பகுதியைச் சுற்றி 3 அல்லது 4 சுற்று. அதன் ஒரு முனை நேர்மின் 12 வோல்ட்டுக்கு, மறுமுனை ஏற்பானுக்கு. உமிழ்ப்பான் எதிர்முனைக்கு. துணைச்சுருளின் கீழ்முனை அடிவாய்க்கு. நேர்முனையிலிருந்து அடிவாய்க்கு 22 கிலோ ஓம் மின்தடை. அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் நடுவே 1என்4148 டையோடு, கோடு போட்ட முனை அடிவாய்ப் பக்கம். இது இல்லாவிட்டால் எதிர்த்திசை மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைத் தின்றுவிடும்.

மின்தடை வழியே வரும் சிறு மின்னோட்டம் டிரான்சிஸ்டரைத் திறக்கிறது. முதன்மைச்சுருளில் மின்னோட்டம் ஏறும்போது துணைச்சுருளின் கீழ்முனை அடிவாயைக் கீழே இழுத்து அதை மூடுகிறது. மீண்டும் திறப்பு. வினாடிக்குப் பதினாறு லட்சம் முறை!

வெப்பம் கடத்தும் தகடு கட்டாயம். வேலூர் வெயிலில் மே மாதம் அறையே பாதி அடுப்பு. டிரான்சிஸ்டரின் முதுகு உலோகம் ஏற்பானோடு இணைந்தது, ஆகவே தகடு வேறெதையும் தொடக் கூடாது. மேல்முனையை விரலால் தொடாதீர்கள்: உயர் அதிர்வெண் மின்சாரம் உலுக்காது, தோலைச் சத்தமில்லாமல் சுடும். சிகிச்சைக்காக வெளியூரார் வந்து தங்கும் ஊர் இது. பேஸ்மேக்கர் பொருத்தியவர் பக்கத்தில் இருந்தால் இயக்கவே வேண்டாம்.

விளக்கு எரியவில்லையா? முதன்மைச்சுருளின் இரு முனைகளையும் இடம் மாற்றுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். ஆசிலோஸ்கோப் இல்லாதவர்கள் மீடியம் வேவ் ரேடியோவை 1600 கிலோஹெர்ட்ஸ் ஓரத்தில் வைத்து மின்சுற்றை இயக்கிப் பார்க்கலாம். இரைச்சல் சட்டென அடங்கும், அல்லது உறுமும். முள்ளைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தித் தேடுங்கள். உருண்டையைப் பெரிதாக்கினால் அந்த இடம் கீழே இறங்கும். அக்கம்பக்கத்து ரேடியோவும் இதைக் கேட்கும் என்பதால் சில வினாடிகளுக்கு மேல் ஓட்டாதீர்கள்.