ட்ரெய்லர் சில்லுப் பெயாரிங்: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பின் மட்டக்குளி, முகத்துவாரம் பக்கங்களில் படகை ட்ரெய்லரில் ஏற்றி இறக்குபவர்கள் பலர், சில்லு இரையத் தொடங்கிய பிறகுதான் பஞ்சிகாவத்தைக்குப் பெயாரிங் தேடிப் போகிறார்கள். புதிய பெயாரிங்கும் ஒயில் சீலும் (கிறீஸை உள்ளே வைத்து நீரைத் தடுக்கும் வளையம்) போட்டுச் சில மாதங்களில் அதே இரைச்சல் திரும்பினால் பழி கடைக்காரர் தலையில் விழுகிறது. நான் கழற்றிப் பார்த்தவற்றில் பலமுறை கோளாறு ஸ்பிண்டிலில், அதாவது பெயாரிங் அமரும் அச்சு முனைத் தண்டில், இருந்தது.

தண்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பின், சீலின் ரப்பர் விளிம்பு உரசும் இடத்தில் விரல் நகத்தை நெடுக்காக இழுத்துப் பாருங்கள். நகம் தடக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. எத்தனை புதிய சீல் போட்டாலும் அதன் வழியே உப்புநீர் உள்ளே புகும். மெல்லிய கறளை நுண்ணிய எமரித் தாளால் போக்கலாம். ஆனால் பெயாரிங் அமரும் பகுதி தேய்ந்து ஆடினாலோ, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ, ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். தேய்ந்த தண்டில் பஞ்ச் எனும் கூர்முனை இரும்பால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பெயாரிங்கை இறுக்குவது, என் பார்வையில், பழுதைத் தள்ளிப்போடும் வேலை மட்டுமே.

அடுத்த தவறு, ஓடிவந்த சூட்டோடு ட்ரெய்லரைத் தண்ணீரில் இறக்குவது. சூடான ஹப், அதாவது பெயாரிங்கை உள்ளடக்கிய சில்லின் நடுக்குடம், திடீரெனக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலைத் தாண்டி நீரை உறிஞ்சிக்கொள்ளும். கிறீஸ் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டதென்று பொருள். அப்போது கிறீஸ் ஏற்றும் நிப்பிள் வழியாகப் புதிய கிறீஸை அவசரமாக அழுத்தினால் பழையது முழுவதும் வெளியேறாது. பின்பக்கச் சீல் பிதுங்கி, பிரேக் உள்ள ட்ரெய்லரில் கிறீஸ் அதன்மேலும் படியும். கழற்றிக் கழுவி, உருளைகளின் இடுக்கெல்லாம் நிறையும்படி கையால் கிறீஸைத் திணிப்பதே சரி. வீதியில் மட்டும் ஓடும் ட்ரெய்லருக்கு 12 மாதம் அல்லது ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர் என்பது வழக்கமான சேவை இடைவெளி. கடலில் இறங்குவதற்கு அந்தக் கணக்கு ஆகாது.

உருளைக் கூட்டை மட்டும் மாற்றி, ஹப்பினுள் இருக்கும் பழைய வெளிவளையத்தை விட்டுவைக்காதீர்கள். இரண்டும் சோடியாகவே மாற வேண்டும்.

கடைசியாக நட்டு. கூம்பு உருளைப் பெயாரிங்கின் நட்டைச் சில்லு நட்டுப் போல இறுக்கி விட்டுவிடுவது பெருந்தவறு. வழக்கமான அச்சுகளில், ஹப்பைச் சுழற்றியபடியே சுமார் 68 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, பிறகு ஹப்பைச் சுழற்றாமல் தளர்த்தி, விரலால் இயன்ற அளவு மட்டும் மீண்டும் திருகி, நட்டு கழலாமல் பூட்டும் கொட்டர் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். பூட்டிய பின் முதல் ஓட்டத்தில் வத்தளையில் ஒருமுறை நிறுத்தி, இரு பக்க ஹப்களின் அருகிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட மிகவும் சுட்டால், நீர்கொழும்பு வரை இழுக்காமல் அங்கேயே ஜாக்கி போட்டு அதைத் திறந்து பார்க்க வேண்டும்.