பாகம் மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் எழவில்லையா?

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு ஜனவரி காலை, உறைபனி விலகுவதற்குள் கடை கம்ப்யூட்டருக்குப் புது ராமையும் (வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் நினைவகம்) எம்.2 எஸ்எஸ்டியையும் (கேபிள் இல்லாமல் நேராகச் செருகும் டிஸ்க்) ஒரே மூச்சில் போட்டேன். பட்டனைத் தட்டினால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. வாசலில் ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க நாலு பிள்ளைகள் வேறு. இரண்டையும் சேர்த்து மாற்றியதால் கோளாறு எதில் என்றே தெரியவில்லை.

உங்களுக்கும் இப்படி ஆனால், புதிதாகப் போட்டதைக் கழற்றிப் பழையதை வைத்துப் பாருங்கள். ஓடினால் மதர்போர்டு, அதாவது பாகங்களைச் செருகும் பெரிய பலகை, பிழைத்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் போடலாம்.

கழற்றுமுன் பவர் வயரைப் பிடுங்கி, பட்டனை 10 விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். தள்ளிப் போய் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வந்து உட்காருங்கள். பனிக்காலத்தில் இங்கே பகல் காற்று வறண்டிருக்கும். கம்பளியைக் கழற்றும்போது படபடவென்று பொரியுமே, அந்தப் பொறி ஒரு ராமைச் சாகடிக்கப் போதும். குளிர்ந்தால் பருத்திச் சட்டையை இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதல் சந்தேகம் ராம் மேல்தான். விரல் விறைத்திருந்ததால் நான் பயந்து பயந்து அழுத்தியிருந்தேன். ஒரு முனை உட்கார்ந்துவிட்டது, மறுமுனை மயிரிழை தூக்கல். சில போர்டுகளில் ராமைப் பிடிக்கும் பூட்டு ஒரு பக்கம்தான் இருக்கும், பூட்டில்லாத முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். டிடிஆர்5 வகை ராம் என்றால் முதல் தடவை சில நிமிடம் இருட்டாகவே இருக்கும். அது பழுதில்லை, ராமைப் பழக்கிக்கொள்கிறது. ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அதற்கும் மசியவில்லையா? கை பட்டு ப்ராசஸருக்குப் போகும் பவர் கேபிள் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். பிறகு வயர் பிடுங்கியபடியே மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் 2032 பேட்டரியை 5 நிமிடம் எடுத்து வைத்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் சொந்த மென்பொருள்) அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். பாகம் மாறினாலோ பயாஸ் மாறினாலோ அதைக் கேட்கக்கூடும்.

ராமை அழுத்தியதும் எனக்குத் திரை வந்தது, ஆனால் விண்டோஸ் இருந்த பழைய டிஸ்க்கைக் காணோம்! செத்துவிட்டது என்றே நினைத்தேன். விஷயம் வேறு. பல போர்டுகளில் எம்.2 இடத்தை நிரப்பினால் பழைய டிஸ்க்கின் கேபிளைச் செருகும் சாட்டா போர்ட் ஓரிரண்டு அணைந்துவிடும். எது என்று போர்டின் கையேட்டில் இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றி, பயாஸில் பழைய டிஸ்க்கை முதலில் வைத்ததும் எழுந்துவிட்டது.

இன்னொன்று. விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தாலும் பாதித் தூக்கம்தான். தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து அங்கிருந்தே மறுபடி எழும். அதனால் பாகம் மாற்றும் நாளில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள்.

இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆனதைப் பார்த்த பிறகே மூடியை மாட்டுங்கள். ராம் சரியானதுமே திருகை முடுக்கி, திரும்பக் கழற்றினேன் நான். அதற்குள் பிள்ளைகள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.