பறவைக் கண்ணின் மின்பதிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் காரைக்குடியில் ஒரு மாணவி, காடையின் விழித்திரை மின்வரைவைக் (ஒளி பட்டதும் கண்ணில் எழும் மின்னழுத்த மாற்றத்தின் பதிவு) கொண்டுவந்து காட்டினார். ஃபிளாஷ் அடித்த அதே கணத்தில் கோடு துள்ளியிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் நான்கு மாதம் இதே கோட்டைத்தான் சேர்த்து வைத்தேன். எர்த் கொடுப்பது, ஒயர் சரிபார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

வெள்ளிக் கம்பியில் வெளிச்சம் விழவிடுவது

கண்ணின் மின்னழுத்தத்தை எடுக்க வைக்கும் சில்வர் குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பியில் ஒளி பட்டால், கண்ணே இல்லாவிட்டாலும் மின்னழுத்தம் மாறும். 1839இல் எட்மண்ட் பெக்கரல் கண்டுபிடித்தது இதைத்தான். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. கம்பி போட்ட கோட்டைக் காடையின் பதில் என்று நம்பினேன்.

உண்மையான பதில் உடனே வராது. பளிச்சென்ற ஃபிளாஷுக்கும் சில மில்லி விநாடி கழித்துத்தான் ஒளியேற்பிகளிடமிருந்து (விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள்) கோடு கீழே இறங்கும், அது ஏ அலை. பிறகு, அவற்றிடமிருந்து செய்தி வாங்கும் இருமுனை செல்களால் மேலே எழுவது பி அலை. கோடு ஒளியோடு சேர்ந்தே துள்ளத் தொடங்கினால் அங்கே நின்றுவிடுங்கள்.

சோதிப்பது சுலபம். ஒரு கிண்ணம் உப்புநீரில் கம்பிகளை வைத்து அதே ஃபிளாஷை அடியுங்கள். கோடு துள்ளினால் குற்றவாளி கம்பிதான். வெளியே தெரிகிற பகுதியைக் கறுப்பாக மூடுங்கள், ஒளிப்பாதையிலிருந்து விலக்குங்கள். கண்ணின் செய்தி போய்ச் சேரும் மூளையின் பார்வை மேட்டில் மின்முனை வைப்பவர்களுக்கும் இதேதான். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் இருபத்திரண்டு காடைகளை வீணாக மயக்கத்தில் போட்டேன். இன்றும் அந்தக் கணக்குதான் உறுத்துகிறது.

கண்மணி விரிய அட்ரோபின்

நம் கண்மணியை விரிக்கும் இந்த மருந்து பறவையிடம் வேலை செய்யாது. பறவையின் ஐரிஸ் (கண்மணியைச் சுற்றியுள்ள வண்ண வளையம்) தசை பெரும்பாலும் வரித்தசை, நம்முடையதைப் போல மென்தசை அல்ல.

பறவை குளிர்ந்துபோவது

மயக்கத்தில் உடல் சூடு இறங்கினால் அலைகள் தாமதமாகும், சிறுக்கும். மருந்தால் வந்த மாற்றம் என்று எழுதிவிடாதீர்கள். சூட்டுப் பாய் போடுங்கள்.

நேரம் மாறி மாறிப் பதிவது

காடையின் விழித்திரைக்குத் தனிக் கடிகாரம் உண்டு. பகலில் கூம்புகளின் (பகலொளிக்கான ஒளியேற்பிகள்) கை ஓங்கும், இரவில் கோல்களின் (மங்கலான ஒளிக்கானவை) கை. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய ஒப்பீட்டை இரவு எட்டு மணிக்கு முடிக்காதீர்கள். அந்த மாணவியின் பதிவேட்டில் நேரக் கட்டம் காலியாகவே இருந்தது. அன்றே நிரப்பச் சொன்னேன்.