லேபிள் (இசை நிறுவனம்) இல்லாமல் முதல் பாட்டை வெளியிடுவது எப்படி?

"பாட்டு ரெடி, எங்கே போடுறது?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கிட்டார் வாசித்தவருக்கு எவ்வளவு பங்கு?" பெரும்பாலும் பதில் வராது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: பங்கை எழுதி வையுங்கள்

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த மாஸ்டர் இன்னொன்று. இரண்டுக்கும் பணம் வரும் வழி வேறு, உரிமையாளர்களும் வேறாக இருக்கலாம். வரி எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாசித்தவர், மிக்ஸிங் செய்தவர் என்று எல்லோருடைய பெயரையும் ஒரே தாளில் எழுதுங்கள். யாருக்கு எதில் எத்தனை சதவீதம், யாருக்கு மொத்தமாக ஒரு சம்பளம் என்று குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். நண்பர்களிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருக்கும். பாட்டு ஓடிய பிறகு கேட்டால் கூச்சம் சண்டையாகிவிடும்.

பீட்டை, அதாவது மேலே பாடுவதற்கான தயார் இசையை, இணையத்தில் வாடகைக்கு வாங்கியிருந்தால் அதன் உரிமத்தை முழுதாகப் படியுங்கள். அதே பீட் இன்னும் பலரிடம் இருக்கலாம். அப்படியானால், உங்கள் பாட்டு வேறு வீடியோக்களில் இருக்கிறதா என்று தானாகத் தேடி உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடியை இயக்காதீர்கள். அடுத்தவர் பாட்டின் மேல் நீங்கள் உரிமை கோரியதாக ஆகிவிடும்.

படி 2: டிஸ்ட்ரிப்யூட்டரைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களில் நீங்களே நேராகப் பாட்டை ஏற்ற முடியாது. உங்கள் பாட்டைத் தளங்களுக்கு அனுப்பி, பணத்தை வாங்கித் தரும் டிஸ்ட்ரிப்யூட்டர் ஒருவர் நடுவில் வேண்டும். டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு ராயல்டியை, அதாவது பாட்டு ஈட்டும் பணத்தை, முழுதாகத் தருகிறது. ஆனால் சந்தாவை நிறுத்தினால், தனியாகப் பணம் கட்டி வைக்காத பாட்டுகள் தளங்களிலிருந்து இறங்கிவிடலாம். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒரே முறை கட்டணம் வாங்கும், வருமானத்தில் 9% எடுத்துக்கொள்ளும். ரவுட்நோட்டின் இலவசத் திட்டத்தில் 15% போகும். ஆண்டுக்கு ஒரு பாட்டு போடுபவர் சந்தா கட்டுவது வீண் என்பது என் கணக்கு.

படி 3: விவரங்களை நிரப்புங்கள்

வேவ் (சுருக்கப்படாத ஒலிக்) கோப்பு, 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படம் இரண்டையும் தயாராக வைத்திருங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு ஒன்று உண்டு. அதை டிஸ்ட்ரிப்யூட்டரே தந்துவிடுவார். பின்னாளில் டிஸ்ட்ரிப்யூட்டரை மாற்றினாலும் அதே குறியீட்டையே கொடுங்கள், அதுவரை சேர்ந்த ஸ்ட்ரீம் எண்ணிக்கை உங்களோடு வரும்.

கலைஞர் பெயரில் கவனம் வையுங்கள். நான் வெறும் முதல் பெயரோடு போட்ட பாட்டு, அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அதை மீட்டு என் பக்கத்துக்குக் கொண்டுவருவதற்குள், பாட்டைப் பகிர்ந்த நண்பர்களின் உற்சாகமே வடிந்துவிட்டது.

படி 4: வெளியீட்டுத் தேதியைத் தள்ளி வையுங்கள்

இன்று ஏற்றி நாளை வெளியிடும் ஆசை எல்லோருக்கும் வரும். குறைந்தது நான்கு வாரம் விடுங்கள். கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கம் வழியாக ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்கு, இன்னும் வெளிவராத பாட்டை மட்டுமே அனுப்ப முடியும். 7 நாள் முன்பே அனுப்பிவிட்டால், உங்களைப் பின்தொடர்பவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலிலும் அந்தப் பாட்டு வரும்.

படி 5: பணம் வரும் இரண்டாவது குழாயையும் திறங்கள்

பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இது. டிஸ்ட்ரிப்யூட்டர் உங்களுக்கு அனுப்புவது மாஸ்டருக்கான பணம். வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டியை இந்தியாவில் வசூலிப்பது ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி). 1969இல் தொடங்கிய சங்கம் அது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தனித்தனியாக உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் படி 1இல் எழுதிய அதே சதவீதத்தில் பதிய வேண்டும். தாளில் ஒன்று, பதிவில் ஒன்று என்று இருந்தால் பணம் நின்றுவிடும். பிறகு எப்போதாவது ஒரு லேபிள் உங்களிடம் வந்தால், 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தை நினைவில் வையுங்கள். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உள்ள ராயல்டி பங்கை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள அது இடம் தருவதில்லை.

படி 6: ஸ்ட்ரீமை நம்பி வாடகை கட்டாதீர்கள்

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாவிட்டால் மாஸ்டருக்கான பணமே கிடையாது. லேபிளில் சேராமலேயே 2017இல் கிராமி வாங்கிய சிகாகோவின் சான்ஸ் த ராப்பரைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். இரண்டு வாரம் தன் ஆல்பத்தை ஆப்பிள் மியூசிக்கில் மட்டும் வைத்திருக்க ஆப்பிள் 5 லட்சம் டாலர் கொடுத்தது என்று அவரே சொன்னதை விட்டுவிடுவார்கள். நமக்கு அந்த அழைப்பு வரப்போவதில்லை. நமக்கு இருப்பது கச்சேரி, டி-ஷர்ட், நேராக ரசிகரிடமே விற்கும் பேண்ட்கேம்ப்.

ஆகவே நாற்பது பேர் வந்த காபிக் கடைக் கச்சேரியையும் வீணாக்காதீர்கள். வாசலில் ஒரு மேசை போட்டு, பெயரும் மின்னஞ்சலும் எழுத ஒரு நோட்டு வையுங்கள். அடுத்த பாட்டு வரும்போது முதலில் எழுத வேண்டியது அந்த நாற்பது பேருக்குத்தான். பேனாவை மட்டும் நூலால் மேசையோடு கட்டிவிடுங்கள். நான் இதுவரை ஆறு பேனா தொலைத்திருக்கிறேன்.