கரையோர ஊர்களில் டீப் ஃப்ரீசர் குளிராவிட்டால் எங்கிருந்து பார்ப்பது?

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் மீன் வைக்கும் ஃப்ரீசர் குளிரவில்லை என்றதும் "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. மூடிய குழாய்க்குள் சுற்றிவந்து குளிரூட்டும் கேஸ் தானாகத் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஆகவே கேஸ் ஏற்றுவதைக் கடைசி வேலையாக வையுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் வெப்பத்தை வெளியே தள்ளும் பாகமான கண்டென்சரைப் பாருங்கள். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேருமிடத்தில் உப்பு ஈரம் படியப் படிய அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். தகடு குழாயை விட்டு விலகியதும் வெப்பம் வெளியேற வழியின்றி, கேஸை அழுத்தும் கம்ப்ரசர் கொதித்து, அதைக் காக்கும் ஓவர்லோடு சுவிட்ச் அடிக்கடி நிறுத்திவிடும். மென்மையான பிரஷால் தூசியைத் தட்டி, வயர் இணைப்புகளில் நீர் படாமல் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்ப்பான போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தகடு கையோடு உதிர்ந்தால் கண்டென்சரை மாற்றுவதே சரி. நன்றாக உலர்ந்தபின் பிளக்கை மாட்டி, ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கம்ப்ரசர் 'டிக்' என்ற ஒலியோடு நின்றுவிட்டால், அது கிளம்பும் நொடியில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தால் பிளக்கை மறுபடி பிடுங்கிவிட்டு, கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே, கெபாசிட்டர், பச்சை பிடித்த டெர்மினல்கள் (வயர் மாட்டும் முனைகள்) ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கெபாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை இறக்காமல் தொடாதீர்கள். பின்னர் வயர்களைக் கழற்றி, சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரசரின் மூன்று பின்களையும் இரண்டிரண்டாக ஓம் மீட்டரில் அளவிடுங்கள். 4, 14 என்று இரண்டு அளவுகள் வந்தால் மூன்றாவது அவற்றின் கூட்டலான 18 ஓம் அளவில் இருக்க வேண்டும். பின்னுக்கும் கம்ப்ரசரின் இரும்பு உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் கம்ப்ரசர் போய்விட்டது.

கம்ப்ரசர் ஓடியும் குளிரவில்லையெனில் உள்ளே பனி படிந்திருக்கும் விதம் நிறையச் சொல்லும். உள்ளே குளிரூட்டும் குழாய்ச் சுருள் முழுக்கக் கட்டியாகப் பனி ஏறியிருந்தால் கதவு கேஸ்கெட்டையோ (ஓர ரப்பர்), பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட்டையோ சந்தேகியுங்கள். சுருளின் தொடக்கத்தில் மட்டும் பனி படிந்து மீதி வெறுமையாக இருந்தால் கசிவு, அல்லது கேபிலரி எனும் மெல்லிய குழாயில் அடைப்பு. எண்ணெய்க் கறை தெரியும் மூட்டுகளில் சோப்பு நுரை தடவினால் கசியும் இடம் குமிழியிடும்.

கசிவை அடைப்பது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. பெயர்ப்பலகையில் ஆர்600ஏ என்றிருந்தால் அது தீப்பற்றும் கேஸ் என்பதால், பக்கத்தில் நெருப்பே கூடாது. கசிவை அடைத்தபின் ஃபில்டரையும் மாற்றி, வேக்குவம் எடுத்து (குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றி), பலகையில் குறித்த கிராம் அளவுக்கு எடைபோட்டே கேஸ் ஏற்றச் சொல்லுங்கள். உள்வெப்பம் மைனஸ் 18 டிகிரிக்கு இறங்கிய பிறகே உறைந்த மீனைத் திரும்ப அடுக்கலாம்.