குஸ்நெத்சோவ்: ரஷ்யப் பெயர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஷ்ய மொழியில் 'குஸ்நெத்ஸ்' என்றால் கொல்லர். குஸ்நெத்சோவ் என்றால் கொல்லர் வீட்டுப் பிள்ளை. ரஷ்யப் பெயர்களைத் தமிழில் எழுதப் புதிதாக வருபவர்கள் எங்கெல்லாம் சறுக்குகிறார்கள் என்று காட்ட இந்த ஒரு குடும்பப்பெயரே போதும்.

எல்லாரும் ஒரே குடும்பம் என்று நினைப்பது

ஊருக்கு ஊர் கொல்லுப்பட்டறை இருந்தது. உறவு தேடாதீர்கள்.

பெண் பெயரின் கடைசி நெடிலை வெட்டுவது

தந்தை அலெக்சாந்தர் குஸ்நெத்சோவ், சைக்கிள் பந்தயப் பயிற்சியாளர். மகள் ஸ்வெத்லானா குஸ்நெத்சோவா, 2004 அமெரிக்க ஓபன், 2009 பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் சாம்பியன். 'சோவா' எழுத்துப்பிழை அல்ல, அதன் கடைசி 'ஆ' பெண்பால் விகுதி. திருத்துகிறேன் என்று அதில் கைவைக்க வேண்டாம்.

தந்தைவழிப் பெயரை விட்டுவிடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வந்து எரிச்சலூட்டுவது இதுதான். 'நீளமாக இருக்கிறது' என்று, அப்பா பெயரிலிருந்து வரும் நடுப்பெயரைத் தூக்கிவிட்டு 'நிகலாய் குஸ்நெத்சோவ்' என்று முடித்துவிடுகிறார்கள். எந்த நிகலாய்?

நிகலாய் கெராசிமவிச் (1904–1974) கடற்படைத் தளபதி. ரஷ்யாவின் விமானந்தாங்கிக் கப்பலுக்கு இவர் பெயர்தான். 1956இல் பறிக்கப்பட்ட பதவி நிலை, இறந்து 14 ஆண்டுகள் கழித்து, 1988இல்தான் திரும்பக் கிடைத்தது. நிகலாய் திமித்ரியெவிச் (1911–1995) எஞ்சின் வடிவமைப்பாளர். அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து 2017 வரை பறந்த து-142 விமானங்களின் என்.கே.-12 எஞ்சின் இவருடைய வடிவமைப்பகத்தில் பிறந்தது. நிகலாய் இவானவிச் (1911–1944) இரண்டாம் உலகப்போர் உளவாளி. ஜெர்மன் அதிகாரி வேடத்தில் உக்ரைனின் ரோவ்னோ நகரில் உலவியவர்.

எஞ்சின் பெயரில் உள்ள 'என்.கே.' மூவருக்குமே பொருந்தும். அதைப் பார்த்துவிட்டுத் தளபதியின் படத்தைப் போட்டால் கட்டுரை அங்கேயே கவிழ்ந்தது. பிறந்த ஆண்டும் கைகொடுக்காது, இருவருக்கு 1911. எனவே எழுதத் தொடங்கும்முன் மூன்று பகுதிப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மூலத்தில் இரண்டுதான் இருக்கிறதா? இறந்த ஆண்டையும் வகித்த பொறுப்பையும் வைத்து ஆளை உறுதி செய்யுங்கள். முதல் முறை முழுப்பெயர், பிறகு குடும்பப்பெயர் மட்டும். ஒரே கட்டுரையில் இருவர் வந்தால் கடைசி வரை முன்னெழுத்துகளை விடக்கூடாது.

முன்னெழுத்தைத் தமிழ் வழக்கில் படிப்பது

நம் வழக்கப்படி முன்னெழுத்து என்றால் அப்பா பெயர். 'நி. தி. குஸ்நெத்சோவ்' என்பதில் 'நி' அவருடைய சொந்தப் பெயர். 'தி'தான் அப்பா திமித்ரியிடமிருந்து வந்தது. ரஷ்ய ஆவணங்களிலோ குடும்பப்பெயர் முதலில் நிற்கும்: குஸ்நெத்சோவ் நிகலாய் திமித்ரியெவிச். கடைசியில் நிற்பதே குடும்பப்பெயர் என்று எண்ணி 'திரு. திமித்ரியெவிச்' என்று எழுதினால், 'திமித்ரியின் மகன்' என்பதோடு நின்றுவிடும். குடும்பப்பெயரே காணாமல் போகும்.

எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டே இருப்பது

குஸ்நெத்சோவ், குஸ்னெட்சோவ். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.