செவித்திறன் குறைந்தவரின் குரலை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டையில் கட்டியோ வீக்கமோ வந்து குரல் கெட்டவரிடம் கோளாறு குரல்வளையில் இருக்கிறது. செவித்திறன் குறைந்தவரிடம் பெரும்பாலும் குரல் நாண்கள் நன்றாகவே இருக்கின்றன. தன் குரல் தன் காதில் சரியாக விழாததால், அதைச் சீராக நடத்தும் கட்டுப்பாடு குறைந்திருக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, வழக்கமான படிவத்தை எடுத்து வழக்கமான முறையில் மதிப்பெண் போடும்போது பல தவறுகள் நேர்கின்றன. பேச்சுப் பயிற்சித் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காகவும், பிள்ளையின் மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் விளங்காமல் தவிக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

அன்றைய கேட்கும் நிலையைக் குறிக்காமல் குரலை மட்டும் பதிவு செய்வதே இவற்றுள் மிகப் பெரிய தவறு என்பது என் கருத்து. காக்ளியர் இம்ப்ளாண்ட் (உட்செவியில் அறுவைச் சிகிச்சையால் வைக்கும் கேட்கும் கருவி) பொருத்தியவரின் கருவியை நிறுத்தினால் அவருடைய சுருதியும் (குரலின் உயர்வு தாழ்வு) உரப்பும் (சத்தத்தின் அளவு) மாறத் தொடங்கும். மறுபடி இயக்கினால் திரும்பி வரும். ஒருமுறை ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஆறு மாத இடைவெளிக்குப் பின் மதிப்பீட்டுக்கு வந்தாள். முன்பு ஓரளவு நேராக நின்ற ‘ஆ’ ஒலி அன்று மேலும் கீழும் அலைந்தது, சுருதியும் ஏறியிருந்தது. ‘முன்னேற்றம் குன்றியுள்ளது’ என்று நான் எழுதத் தொடங்கிய நேரத்தில், அவளுடைய அம்மா காதுக்குப் பின்னால் இருந்த கருவியைக் கழற்றிப் பார்த்து, பேட்டரி தீர்ந்திருப்பதாகச் சொன்னார். புது பேட்டரியைப் போட்டு, அரை மணி நேரம் பேசி விளையாட விட்டு மறுபடி பதிவு செய்தபோது அந்த ஒலி ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்திருந்தது. அன்றிலிருந்து, எந்தக் காதில் எந்தக் கருவி, அது வேலை செய்கிறதா, எத்தனை மணி நேரமாக அணிந்திருக்கிறார், சளியோ காது அடைப்போ இருக்கிறதா என்பவற்றைப் பதிவின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். முடிந்தால் கருவியுடன் ஒரு பதிவும் கருவி இல்லாமல் ஒரு பதிவும் எடுப்பது நல்லது.

செவித்திறன் இழப்பு எந்த வகை என்பதையும், அது பேச்சு வருவதற்கு முன் ஏற்பட்டதா பின் ஏற்பட்டதா என்பதையும் பார்க்காமல் விடுவது இதோடு சேர்ந்த தவறு. நடுச்செவி எலும்புகள் இறுகிப்போனவருக்கு வெளிச் சத்தம் குறைவாகவும், தன் குரல் எலும்பு வழியாக உரக்கவும் கேட்கும்; அதனால் அவர் மெல்லப் பேசுவார். உட்செவி நரம்பு சார்ந்த இழப்பு உள்ளவருக்குத் தன் குரலும் குறைவாகக் கேட்பதால் உரக்கப் பேசுவார். முதலாமவரைப் பார்த்து ‘வலுவற்ற குரல்’ என்று எழுதினால், குரல்வளையில் இல்லாத ஒரு பலவீனத்தை நாம் கற்பித்துவிடுகிறோம். செவித்துணைக் கருவியைப் புதிதாக அணிந்தவருக்குத் தன் குரல் குடத்துக்குள் பேசுவது போல முழங்குவதால், அவரும் சில காலம் குரலைத் தாழ்த்திப் பேசக்கூடும்.

அடுத்தது, சொன்னது புரிந்ததா என்று பார்க்காமல் அளவெடுப்பது. முகக்கவசம் அணிந்துகொண்டு, “இயல்பான குரலில் முடிந்தவரை ‘ஆ’ என்று நீட்டுங்கள்” என்று சொன்னால், உதட்டசைவைப் படித்துப் பழகியவருக்கு என்ன எட்டும்? நாம் செய்து காட்டும்போது நம் சுருதி அவருக்குக் கேட்பதில்லை. நெஞ்சு விம்முவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவர் அந்த முயற்சியைப் போலச் செய்து இறுகிய குரலைத் தருகிறார், நாம் ‘இறுக்கம்: கடுமை’ என்று எழுதுகிறோம். வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, அட்டையில் எழுதிக் காட்டி, தாளில் நீளமாக ஒரு கோடு இழுத்து ‘இப்படி’ என்று உணர்த்தி, சில முறை பழகவிட்டு, அதன்பின் மூன்று முறை பதிவு செய்ய வேண்டும். ஒலியை நீட்டும் நேரம் குறைவாக வந்தால் நுரையீரலைச் சந்தேகிப்பதற்கு முன்பு, தொடங்கும்போது அவர் மூச்சு எடுத்தாரா என்று பார்க்க வேண்டும்.

கணினிப் பகுப்பாய்வில் நடக்கும் தவறு எளிதில் கண்ணில் படாது. நீட்டிய உயிரொலியின் நடுவில் சீரான மூன்று விநாடியைத் தேர்ந்தெடுத்து ஜிட்டர் (அடுத்தடுத்த அதிர்வுகளின் கால அளவில் உள்ள மாறுபாடு), ஷிம்மர் (அவற்றின் வலிமையில் உள்ள மாறுபாடு) பார்ப்பது நாம் கற்ற பழக்கம். ஆனால் பிறவியிலேயே மிகுந்த செவித்திறன் இழப்பு உள்ள பிள்ளைகள் பலரிடம் ஓர் அதிர்வுக்கும் அடுத்த அதிர்வுக்கும் இடையிலான மாறுபாடு பெரிதாக இருப்பதில்லை. பல விநாடிகளில் சுருதியும் உரப்பும் மெல்ல அலைவதுதான் இந்தக் குரலின் அடையாளம். சீரான பகுதியைத் தேடி எடுக்கும்போது, நாம் அளக்க வந்த அலைவையே வெட்டி எறிந்துவிட்டு, ‘அளவுகள் இயல்பு’ என்று எழுதுகிறோம். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் நீக்கிவிட்டு, மீதி முழுவதற்கும் சுருதி அலைவையும் உரப்பு அலைவையும் கணக்கிட வேண்டும்.

ஜிட்டர், ஷிம்மர் ஆகிய இரண்டும் ஏறத்தாழச் சீராக அதிரும் குரலுக்கே பொருந்தும் என்று குரல் அறிவியலாளர் இங்கோ டிட்ஸே 1995-இல் வெளியிட்ட பரிந்துரை தெளிவாகச் சொல்கிறது. சுருதி முறியும் குரலில் மென்பொருள் இருமடங்கையோ பாதியையோ சுருதியாக எடுத்துக்கொள்வது உண்டு. பிராட் என்ற ஒலிப் பகுப்பாய்வு மென்பொருளில் சுருதியின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் அந்தந்த ஆளுக்கேற்ப மாற்றி, சுருதிக் கோட்டை ஒலியலையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எண்ணை நம்பக் கூடாது. ஒவ்வோர் அதிர்வையும் பிரித்தெடுக்காமலே குரலின் சீர்மையைக் காட்டும், தொடர்பேச்சிலும் பயன்படுத்தக்கூடிய கெப்ஸ்ட்ரல் அளவுகள் இவ்வகைக் குரலுக்குக் கூடுதலாக உதவும். மின்விசிறியை நிறுத்துவது, மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரத்தை மாற்றாமல் வைப்பது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. கைப்பேசியில் பதிவு செய்யும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. அது சத்தத்தைத் தானாகவே ஏற்றி இறக்கிச் சமன் செய்தால் உரப்பின் அலைவு பதிவில் மறைந்துவிடும்.

மூக்கொலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் குரல்களைக் கேட்டதும் ‘மூக்கால் பேசுகிறார்’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள். உண்மையிலேயே மெல்லண்ணம் (வாயின் மேல்புறத்தின் பின்பகுதியில் உள்ள மென்மையான தசை) சரியாக மூடாமல் காற்று மூக்கு வழியாகப் போகலாம். நாக்கு பின்னுக்கு இழுபட்டு, ஒலி தொண்டைக்குள்ளேயே அடைபட்டு முழங்கவும் செய்யலாம். இரண்டும் காதுக்கு ஒன்று போலத் தோன்றினாலும் பயிற்சி வேறு வேறு. ‘அப்பா பூட்டைப் பூட்டிவிட்டார்’ என்ற தொடரில் மெல்லின எழுத்து ஒன்றுகூட இல்லை. அதை ஒருமுறை இயல்பாகவும், ஒருமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டும் சொல்லச் செய்யுங்கள். ஒலி தெளிவாக மாறினால் காற்று மூக்கு வழியாகப் போகிறது. பெரிதாக மாறாவிட்டால் நாக்கின் இருப்பைக் கவனியுங்கள்.

உச்சரிப்பைக் குரலோடு குழப்புவதும் அடிக்கடி நடக்கிறது. ‘தம்பி’ என்ற சொல்லில் பகரம் மெலிந்து ஒலிக்க வேண்டும் என்பது எழுத்தில் இல்லை, காதால்தான் வருகிறது. செவித்திறன் குறைந்த பிள்ளை அதை ‘அப்பா’வில் வருவது போல வல்லோசையாகவே சொல்லும். அது நம் காதை உறுத்துவதால் குரலுக்கும் சேர்த்தே கோளாறு மதிப்பெண்ணை உயர்த்திவிடுகிறோம். இதற்கு மாறாக, இப்பிள்ளைகளோடு தினமும் பழகும் பயிற்சியாளரின் காது அந்தக் குரலுக்குப் பழகிப்போய், கடுமையானதையும் லேசானது என்று எழுதும். பயிற்சிக்கு முன் எடுத்தது எது, பின் எடுத்தது எது என்று தெரியாதவாறு பதிவுகளைக் கலைத்து, சிலவற்றை இரண்டு முறை வைத்து, இன்னொருவரையும் மதிப்பிடச் சொன்னால் இது பெருமளவு குறையும்.

அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஜப்பானில் உருவான ஜிஆர்பிஏஎஸ் முறை, குரலின் மொத்தக் கோளாறு, கரகரப்பு, மூச்சுக் கலப்பு, வலுவின்மை, இறுக்கம் ஆகியவற்றுக்கு 0 (இயல்பு) முதல் 3 (கடுமை) வரை மதிப்பெண் தருகிறது. சுருதிக்கும் உரப்புக்கும் அதில் தனியிடமே இல்லை. ஏறிய சுருதியில் ஒரே தட்டையாகப் பேசும் சிறுவனுக்கு அதில் குறைந்த மதிப்பெண்ணே வரக்கூடும். 100 மில்லிமீட்டர் கோட்டில் குறியிடும் கேப்-வி முறையில் சுருதியும் உரப்பும் உண்டு. கூடுதல் தன்மைகளைக் குறிக்க இரண்டு வெற்றுக் கோடுகளும் உண்டு. பலர் காலியாக விட்டுவிடும் அந்த இரண்டு கோடுகளில்தான் நான் சுருதி அலைவையும் தொண்டை முழக்கத்தையும் குறிக்கிறேன்.

எல்லாவற்றையும் செவித்திறன் கணக்கில் எழுதிவிடுவதும் தவறு. நாள் முழுதும் உரக்கப் பேசுபவருக்குக் குரல் நாணில் முடிச்சு வரலாம். கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்வளையை உள்நோக்கிக் கருவியால் (எண்டோஸ்கோப்) பார்த்தே ஆக வேண்டும். பருவ வயதுப் பையனின் குரல் உடையாமல் இருந்தால் அவனுடைய இருமலையும் சிரிப்பையும் கவனியுங்கள். அவை தாழ்ந்து ஒலித்தால் குரல்வளை வளர்ந்துவிட்டது, பழைய சுருதியில் பேசும் பழக்கம் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

கடைசியாக, குரல் பற்றிய கேள்வித்தாள்கள். ‘நான் பேசுவது பிறருக்குப் புரிவதில்லை’ போன்ற வரிகளுக்கு இவர்கள் தரும் விடையில் காதின் சிரமமும் குரலின் சிரமமும் கலந்தே இருக்கும். தன் குரலைக் கேட்க முடியாதவரிடம் அது எப்படி ஒலிக்கிறது என்று கேட்பதைவிட, பேசிய பின் தொண்டை வலிக்கிறதா, எவ்வளவு முயற்சி தேவைப்படுகிறது என்று கேட்பது பயன் தரும். சைகை மொழியில் வாழ்பவரிடம், குரலில் மாற்றம் வேண்டுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஓர் இளைஞரிடம் இதை எழுதிக் கேட்டபோது, “பஸ்ஸில் நான் பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அது மட்டும் நின்றால் போதும்” என்று எழுதித் தந்தார். அவருடைய அறிக்கையில் ஜிட்டர் எண்களைப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, அமைதியான அறையிலும் இரைச்சலிலும் அவர் பேசும் உரப்பு எத்தனை டெசிபல் என்பதை முதல் பக்கத்தில் எழுதினேன்.